தோப்பு மகோகனி காட்டைக் காக்காது

மகோகனிக்கு ஆபத்து என்று சொன்னால் இன்று தமிழ்நாட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். வரப்போரத்திலும், தென்னைக்கு இடையிலும், தரிசாகக் கிடந்த பட்டா நிலத்திலும் அது வரிசை கட்டி நிற்கிறது. நாற்றுப் பண்ணைகளில் கன்று மலிவாகக் கிடைக்கிறது. ‘இத்தனை மரம் நிற்கும்போது இது எப்படி அழியும்?’ என்ற கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் அந்தக் கேள்வியின் மேல் ஒரு கொள்கையே கட்டப்பட்டிருக்கிறது. நம் விவசாயிகள் மட்டுமல்ல, மர வணிகர்களும் பல நாட்டு வனத்துறைகளும் அதை ஏற்றுப் பேசுகிறார்கள். அந்தக் கொள்கை தவறு.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதனுக்கு மரம் தேவை. அந்தத் தேவையைத் தடை போட்டு ஒழிக்க முடியாது. ஆகவே தோட்டத்தில் வளர்ப்போம். காட்டு மரத்தின் மேல் விழும் கோடாரி தானாகக் குறையும். காட்டிலும் பருத்த மரங்களை மட்டும் பார்த்து வெட்டினால், சிறியவை வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும். மரத்துக்கு விலை இருந்தால்தான் காட்டுக்கு மதிப்பு. விலையில்லாத காட்டை மாட்டுப் பண்ணைக்காக எரித்துவிடுவார்கள். ஏற்றுமதிச் சான்றிதழ், பன்னாட்டு ஒப்பந்தம் எல்லாம் நேர்மையானவனைத்தான் அலைக்கழிக்கும்; திருடன் காகிதத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வான்.

இதைச் சொல்கிறவர்கள் காட்டின் பகைவர்கள் அல்லர். பலர் மரம் நடுவதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர்கள். ஒவ்வொரு கூற்றிலும் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். நம் தோப்புகளில் பெரும்பாலும் நிற்பது பெரிய இலை மகோகனி. தாவரவியலில் ஸ்வீட்டீனியா மேக்ரோஃபில்லா. வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்தது, மலைவேம்புக்கு உறவு. அதன் சொந்த நிலம் மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் தொடங்கி, மத்திய அமெரிக்கா வழியாக இறங்கி, பெரு, பொலிவியா, பிரேசிலின் தென் அமேசான் காடுகள் வரை வளைந்து செல்கிறது. ஆபத்து அந்தக் காட்டில் இருக்கிறது. அதற்குத் தோப்பைக் காட்டிப் பதில் சொல்கிறார்கள்.

1. இந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

பெரிய இலை மகோகனிக்கு முன் உலகச் சந்தையை ஆண்டது அதன் தம்பி, கரீபியத் தீவுகளின் சிறிய இலை மகோகனி. 1721இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. அன்று தொடங்கிய வேட்டை ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குள் ஜமைக்காவின் நல்ல மரங்களைத் தின்று தீர்த்தது. லண்டன் செல்வந்தர் வீட்டு மேசைகளாகவும் நாற்காலிகளாகவும் அவை மாறின. தீவில் மரம் குறைந்ததும் வணிகர்கள் பெருநிலத்துக்கு, இன்றைய பெலீஸ் கடற்கரைக்குத் திரும்பினார்கள். அங்கே காட்டுக்குள் மரம் தேடி வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அந்த நாட்டின் கொடியில் இன்றும் ஒரு மகோகனி மரமும் இரண்டு மரவெட்டிகளும் இருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிறிய இலை மகோகனி 1795இலேயே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்துவிட்டது. அதன் பின் ஆசியாவில் பல இடங்களில் நட்டார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது பிற கண்டங்களில் நன்றாகவே வளர்ந்துவருகிறது. அதனால் கியூபாவிலோ ஜமைக்காவிலோ அதன் காடு மீண்டதா? மீளவில்லை. இயற்கைக் காட்டிலிருந்து வணிக அளவில் வெட்ட அந்த இனத்தில் மரம் மிஞ்சவே இல்லை. ‘வேறிடத்தில் நட்டால் சொந்த இடத்தில் பிழைக்கும்’ என்பது உண்மையானால் முதலில் பிழைத்திருக்க வேண்டிய மரம் அது. அண்ணன் விஷயத்தில் மட்டும் விடை மாறும் என்று நம்புவதற்கு யாரும் இதுவரை காரணம் காட்டவில்லை.

2. மரத்தின் எண்ணிக்கையும் இனத்தின் நலமும் ஒன்றல்ல.

ஆசியத் தோட்டங்களின் மகோகனிக்கு எத்தனை தாய்மரங்கள்? எப்போதோ கப்பலில் வந்த சில மூட்டை விதைகளும் அவற்றின் வழித்தோன்றல்களும்தான் பெரும்பகுதி. பெரிய இலை மகோகனி இந்தியாவுக்கு வந்தது 1872இல். அதிலிருந்து எத்தனை இலட்சம் கன்றுகளை எடுத்தாலும், மரபு வளம் அந்த முதல் சில மூட்டைகளின் அளவைத் தாண்டாது. யுகடானின் சுண்ணாம்பு நிலத்தில் வறட்சியைத் தாங்கப் பழகிய மரமும், பொலிவியாவின் ஆற்றங்கரைச் சேற்றில் வெள்ளத்தைத் தாங்கப் பழகிய மரமும் ஒரே இனம்தான். ஆனால் நாளை ஒரு புது நோய் வந்தால், மழைக்காலம் இடம் மாறினால், எந்தக் காட்டு மரத்தின் விதையில் விடை இருக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாத நிலையில் எல்லா இடத்து மரத்தையும் காப்பதுதான் அறிவுள்ள செயல்.

இன்னொரு பக்கமும் உண்டு. பிலிப்பைன்ஸில் மகிலிங் மலையடிவாரத்தில் நட்ட மகோகனி பக்கத்துக் காட்டுக்குள் பரவி, அந்நாட்டுச் சொந்த மரங்களின் கன்றுகளை நெருக்குகிறது. தன் காட்டில் காக்கப்பட வேண்டிய மரம் இன்னொருவர் காட்டில் களையாகிறது. தோப்பில் நிற்கும் மரங்களைக் கூட்டிப் பாதுகாப்புக் கணக்கில் வரவு வைப்பவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

3. ‘தோட்டம் வந்தால் காட்டின் மேல் அழுத்தம் குறையும்’ என்பது மகோகனிக்குப் பொருந்தவே இல்லை.

காரணம் ஒரு அந்துப்பூச்சி. அதன் புழு மகோகனியின் இளங்குருத்தைத் துளைத்து உள்ளே இறங்கும், நுனி கருகும், மரம் நேராக ஓங்காமல் பக்கவாட்டில் கிளைத்துக் கோணிப்போகும். அமெரிக்கக் கண்டத்தில் இந்தக் குருத்துத் துளைப்பானின் பெயர் ஹிப்சிபைலா கிராண்டெல்லா. அதன் ஆசிய உறவான ஹிப்சிபைலா ரோபஸ்டா நம் ஊரிலும் உண்டு. காட்டில் மகோகனி மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதால் பூச்சி எல்லாவற்றையும் தேடிப் பிடிப்பதில்லை. அதே மரத்தை வெயிலில், வரிசையாக, ஒரே வயதில் நட்டால் பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும். ஆகவேதான் மகோகனியின் சொந்த நிலத்தில் போட்ட தோட்டங்கள் மீண்டும் மீண்டும் தோற்றன. இந்தப் பூச்சி இல்லாத ஃபிஜித் தீவுகளில் பெருந்தோட்டங்கள் தழைத்தன.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தோட்ட மகோகனியின் பணம் ஃபிஜிக்கும் ஆசியாவுக்கும் போகிறது. காட்டு மகோகனி நிற்கும் பெருவிலும் பொலிவியாவிலும் தோட்டம் எடுபடாது. அங்குள்ளவர்களுக்குக் கையில் இருப்பது காடு மட்டுமே. தொலைவில் ஒரு தீவில் மரம் மலிந்தால் இவர்கள் கோடாரியைக் கீழே வைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி? ஃபிஜியின் தோட்டங்கள் முதிர்ந்து மரம் தரத் தொடங்கியிருந்த காலத்தில்தான் பிரேசில் 2001இல் மகோகனி வெட்டுவதை நிறுத்திவைத்தது. வாங்குவோர் ஃபிஜிக்குத் திரும்பினார்களா? பெருவுக்குத் திரும்பினார்கள். பெருவின் காட்டு மகோகனி ஏற்றுமதி அதற்குப் பின் உச்சத்துக்குப் போனது, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. முதிர்ந்த காட்டு மரத்தின் நிறத்துக்கும் ரேகைக்கும் விலை கொடுப்பவர்கள் இளம் தோட்ட மரத்தை அதற்கு ஈடாகக் கருதுவதில்லை. இரண்டும் ஒரே பெயரில் விற்கும் இரு வேறு சரக்குகள்.

4. பெரிய மரத்தை வெட்டுவது தாய்மரத்தை வெட்டுவது.

எதிர்த்தரப்பின் கூற்றுகளில் கேட்பதற்கு மிக நியாயமாகத் தோன்றுவதும், காட்டில் மிக அதிகக் கேடு செய்ததும் இதுதான். ‘இத்தனை சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் இருந்தால் வெட்டு, அதற்குக் கீழே இருந்தால் விடு.’ பெரும்பாலான நாடுகளின் சட்டம் இப்படித்தான் இருந்தது. முதியவர் போகட்டும், இளையவர் வரட்டும் என்ற எளிய கற்பனை அதன் அடியில் இருக்கிறது. காடு அப்படி இயங்குவதில்லை.

மகோகனி அடர்ந்து நிற்கும் மரமல்ல. பெரும்பாலான இடங்களில் ஒரு ஹெக்டேருக்கு ஒரு பெரிய மரம்கூட இராது. விதைக்குச் சிறகு உண்டு; காற்றில் சுழன்று விழும். ஆனாலும் பெரும்பகுதி தாய்மரத்துக்கு அருகிலேயே விழுகிறது. விழுந்த விதை நெடுங்காலம் மண்ணில் காத்திருக்காது. சில மாதங்களில் முளைப்புத் திறன் போய்விடும். முளைத்த கன்றுக்கு வெயில் வேண்டும்; அடர்நிழலில் சில ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு மாண்டுபோகும். மெக்சிகோவின் கிந்தானா ரோ காடுகளை ஆராய்ந்த லாரா ஸ்னூக், அங்கே மகோகனி பெரும் சூறாவளிக்கும் தீக்கும் பின் எழுந்த வெட்டவெளிகளில் கூட்டமாகப் பிறந்து வளர்ந்ததைக் காட்டினார். மற்ற மரங்கள் சாய்ந்த இடத்தில், சாயாமல் நின்ற பெரிய மகோகனி விதை தூவும். ஒரு தலைமுறை எழும்.

அப்படியானால் ஒரு காட்டில் சமவயது மரங்கள் ஒரே காலத்தில் வெட்டும் அளவை எட்டும். விட்ட வரம்பு என்னும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்தை ஒரு எழுத்தும் மீறாமல், ஏறக்குறைய எல்லா விதை மரங்களையும் எடுத்துவிட முடியும். ‘பின்னால் வளர்ந்துவரும் சிறியவை’ அங்கே பல இடங்களில் இருக்கவே இல்லை. அடுத்த சூறாவளி வரும்போது விதை தூவ யாரும் நிற்கமாட்டார்கள்.

ஊகமாகச் சொல்லவில்லை. பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஜிம்மி குரோகனும் அவருடைய கூட்டாளிகளும் வெட்டப்பட்ட காடுகளுக்குள் போய், நிற்கும் மரத்தையும் எஞ்சிய அடிக்கட்டையையும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். வணிக அளவை எட்டிய மகோகனிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் போயிருந்தது. விதை உற்பத்தி பெரிய மரங்களில்தான் குவிந்திருக்கிறது என்பதும் அவர்கள் நெடுங்காலம் அளந்து கண்டது. பிரேசில் 2003இல் விதிகளைக் கடுமையாக்கியது: 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றில் ஐந்தில் ஒன்றையாவது விதைக்காக விட வேண்டும், 100 ஹெக்டேருக்கு ஐந்து மரம் என்ற அளவுக்குக் கீழே போகக்கூடாது. முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதே ஆய்வாளர்கள், இந்த விதிப்படி வெட்டினாலும் முப்பது ஆண்டு கழித்து வரும் இரண்டாம் வெட்டில் முதல் வெட்டின் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும் என்று கணித்துக் காட்டினார்கள். விதியை மீறுபவர்களால் மட்டும் மரம் குறையவில்லை. விதியே மரத்தின் வாழ்முறைக்குப் பொருந்தாமல் எழுதப்பட்டிருக்கிறது.

5. விலை காட்டைக் காக்கும் என்கிறீர்கள். யார் கையில் இருக்கும் விலை?

இதுதான் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். அவர்களிடம் சான்றும் உண்டு. குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில், மாயா உயிர்க்கோளக் காப்பகத்துக்குள், 1990களின் நடுவிலிருந்து உள்ளூர்ச் சமூகங்களுக்குக் காட்டை உரிமையாக ஒப்படைத்தார்கள். அவர்கள் மகோகனியை அளவோடு வெட்டி விற்கிறார்கள். தீ வராமல் காவல் இருக்கிறார்கள். அந்தச் சமூகங்களின் காட்டில் மரம் பெருமளவு நிற்கிறது. அதே காப்பகத்தில் காகிதத்தில் மட்டும் தேசியப் பூங்காவாக இருந்த சில பகுதிகள் மாட்டுப் பண்ணைகளாகிவிட்டன. இந்த உண்மையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். இதை மறுப்பவர்கள் அந்தக் கிராமத்து மக்களின் உழைப்பை மறுக்கிறார்கள்.

ஆனால் பெத்தேனில் காட்டைக் காத்தது விலையா, உரிமையா? விலை எல்லா இடத்திலும் இருந்தது. தென் பாராவிலும் இருந்தது. அங்கே மகோகனியின் விலைதான், வேறு எந்த மரமும் தர முடியாத இலாபத்தைக் கொடுத்து, காட்டுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தனியார் பாதை வெட்ட வைத்தது. மரம் போன பாதையில் குடியேறிகள் வந்தார்கள்; அவர்களுக்குப் பின் மாடு வந்தது. விலை இல்லாத காட்டை எரிப்பார்கள் என்கிறவர்கள், விலையுள்ள மரமே எரிப்பவனுக்கு வழி திறந்துவிட்ட கதையை விட்டுவிடுகிறார்கள்.

கணக்கும் அவர்கள் பக்கம் இல்லை. காட்டில் மகோகனி பொதுவாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே பருக்கிறது. பொலிவியாவின் சிமானெஸ் காட்டில் மகோகனி வெட்டுவதை ஆராய்ந்த ரைஸ், கலிசன், ரீட் ஆகிய மூவரும் 1997இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதியது இன்றும் செல்லும்: மரத்தை விட்டுவைத்து வளர விடுவதைவிட, இன்றே எல்லாவற்றையும் வெட்டி விற்றுப் பணத்தை வேறிடத்தில் போடுவதுதான் நிறுவனத்துக்கு மிகுந்த இலாபம். மெதுவாக வளரும் மரத்தைச் சந்தையின் கணக்கு காப்பாற்றாது. அதே கணக்குதான் அதைத் தீர்த்துக்கட்டச் சொல்கிறது. பெத்தேன் மக்கள் ஏன் தீர்த்துக்கட்டவில்லை? அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கப் போகிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்கும் அமைப்பு ஒன்றும் மேலே இருக்கிறது.

உரிமை இல்லாமல் விலை மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெருவின் சவெட்டோ கிராமம் சாட்சி. பிரேசில் எல்லைக்கு அருகிலுள்ள அஷெனிங்கா பழங்குடியினர் ஊர் அது. அதன் தலைவர் எட்வின் சோட்டா, மகோகனியும் செடாரும் திருடும் கும்பல்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் புகார் கொடுத்தார். தங்கள் நிலத்துக்குப் பட்டா கேட்டுப் பத்தாண்டுக்கு மேல் அலைந்தார். 2014 செப்டம்பரில் அவரும் தோழர்கள் மூவரும் காட்டுக்குள் கொல்லப்பட்டார்கள். பட்டா அடுத்த ஆண்டுதான் வந்தது. அந்த நான்கு பேருக்கும் மரத்தின் விலை பாதுகாப்புத் தரவில்லை. விலையைச் சொல்லும்போது இவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6. காகிதத்தில் மோசடி நடக்கிறது என்பது காகிதம் வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

அருகிவரும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பெரிய இலை மகோகனியைச் சேர்க்கும் முயற்சி 1990களில் மூன்று மாநாடுகளில் தோற்றது. 2002இல் சிலியின் சாந்தியாகோ மாநாட்டில், நிகரகுவாவும் குவாத்தமாலாவும் முன்மொழிய, நிறைவேறியது. மரத்தை வெட்டி விற்று வாழும் நாடுகளே அதைக் கேட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியல் வணிகத்தைத் தடுக்கவில்லை. இந்த மரம் சட்டப்படி வெட்டப்பட்டது, இதனால் இனத்துக்குக் கேடில்லை என்று ஏற்றுமதி நாடு சான்று தர வேண்டும் என்றது; அவ்வளவுதான்.

பெருவில் அந்தச் சான்றையே விலைக்கு விற்றார்கள். குத்தகைக் காட்டில் இல்லாத மரங்களை இருப்பதாகத் திட்டத்தில் எழுதி, அந்தக் கற்பனை மரங்களின் பெயரில் வேறிடத்தில் திருடிய மரத்தை ஏற்றுமதி செய்தார்கள். 2012இல் வெளிவந்த ஒரு புலனாய்வு அறிக்கை, அமெரிக்காவுக்குப் போன இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குகளை வரிசை எண்ணோடு அடையாளம் காட்டியது. இதை எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? அனுமதிச் சீட்டு எந்தக் குத்தகைக் காட்டைச் சொல்கிறதோ, அந்தக் காட்டுக்கு அரசின் ஆய்வாளர்கள் நேரில் போய் அடிக்கட்டையைத் தேடினார்கள். அடிக்கட்டை இல்லை. காகிதம் இருந்ததால்தான் பொய் பிடிபட்டது. அது இல்லாத காலத்தில் ஒரு பலகை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்கக்கூட வழியில்லை. சான்றிதழ் முறையின் ஓட்டைக்கு மருந்து, காட்டுக்குள் போய்ப் பார்க்கும் ஆய்வாளர்களுக்குச் சம்பளமும் பாதுகாப்பும்.

இனி நம் பக்கம். மகோகனி நட்டிருக்கும் விவசாயி தவறு செய்யவில்லை. அது பணப்பயிர், அவர் நிலம், வளர்க்கட்டும், நல்ல விலை கிடைக்கட்டும். சைட்டிஸ் பட்டியல் அமெரிக்கக் கண்டத்து மரங்களுக்கு மட்டுமே என்பதால் அவர் மரத்துக்கு அந்தச் சான்றும் தேவையில்லை. நான் எதிர்ப்பது அந்தத் தோப்புக்கு ‘பாதுகாப்பு’ என்று பட்டம் கட்டுவதை. அந்தப் பட்டம் இங்கேயே பழக்கமாகி, நம் காட்டுக்கும் பொருத்தப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்று ஒரு மரம் உண்டு. மகோகனியின் அதே குடும்பம். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. வீட்டுக்கும் மேசைக்கும் வெட்டி வெட்டி அருகிப்போனது. அதன் விதையைப் பரப்புவதில் இருவாச்சிப் பறவைக்குப் பெரிய பங்குண்டு. வெள்ளகில் நிற்கும் காட்டை ஒரு திட்டத்துக்காக எடுத்துவிட்டு, வேறொரு மாவட்டத்துத் தரிசில் பத்து மடங்கு கன்று நட்டு ஈடு செய்துவிட்டதாக எழுதினால், அந்தக் கன்றுகள் எந்த இருவாச்சிக்குப் பழம் தரும்?

ஆகவே மரம் வாங்குவோரும் திட்டத்துக்கு ஒப்புதல் தருவோரும் சில கேள்விகள் கேட்க வேண்டும். ‘இறக்குமதி மகோகனி’ என்று பலகை விற்றால் எந்த நாடு என்று கேளுங்கள்; பெரு, பொலிவியா, குவாத்தமாலா என்றால் சைட்டிஸ் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்; அதில் எழுதியிருக்கும் காடு யாருடைய உரிமையில் இருக்கிறது என்று கேளுங்கள். நம் மலையில் காட்டுக்கு ஈடாக மரம் நடுவதாகச் சொன்னால், எத்தனை கன்று என்ற விடையோடு நிறுத்தாதீர்கள். எடுக்கப்படும் காட்டில் எந்தெந்த இனத்தின் விதை மரங்கள் எத்தனை நிற்கின்றன, அவற்றில் எத்தனையை விட்டுவைக்கப் போகிறார்கள், அந்த எண்ணை யார் காட்டுக்குள் நடந்து போய் எண்ணினார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.